இரண்டு கூடுகள்

நெடுங்கேணி வீட்டு வளவில் பின்னேர வெயில் சரிகிறது. லேஞ்சித் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, தவமலர் கிழக்கு வேலியோரம் தடியால் ஒரு சதுரம் கீறுகிறாள். அவள் முதன்முதலாக வளர்க்கப்போகும் கோழிகளுக்கான கூடு அது. சிறுவயதில் அம்மாவின் செம்பேட்டுக் கோழியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு இரவெல்லாம் மூச்சுவிட முடியாமல் முட்டு இழுத்தவள். “இஞ்ச வைச்சா, மேற்கால வாற கச்சான் காத்து செட்டை இறகுத் தூசை அங்கால கொண்டுபோயிடும்,” என்கிறாள். கணவன் பரமநாதன் வேலிக்கதியாலில் சாய்கிறான். “மார்கழியில கிழக்கால வாடைக்காத்து திரும்பினா, எல்லாம் நேரே நீ சமைக்கிற குசினிக்கைதான் வரும்.” தவமலர் தடியோடு நடந்துபோய் மேற்கு வேலியோரம் இன்னொரு சதுரம் கீறுகிறாள். “அப்ப இஞ்சால வரட்டும். காத்துக்கேத்தமாதிரிக் கோழியும் இடம்பெயரட்டுமன். சண்டையில நாங்கள் பெயராததே?” அவள் லேஞ்சியை இறக்கி, வெறும் வளவைப் பார்த்து, அம்மா கோழிகளைக் கூப்பிடும் அதே இழுவையில் கூப்பிடுகிறாள்: “பா... பா... பா...”