நிகழ்காலம் மட்டும்

மத்தியானம் மூன்று மணி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஈ காக்கை இல்லை.

கடைக்காரர், வாடிக்கையாளர்களைக் கண் பரிசோதனைக்கு உட்காரவைக்கும் உயர நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். கைப்பேசியை லென்ஸ் டப்பாவில் சாய்த்து வைத்துப் பிரெஞ்சு வகுப்புக்குள் நுழைந்தார்.

திரையில் டீச்சரோடு சேர்த்து எட்டு முகங்கள். எல்லாரும் சின்னஞ்சிறுசுகள். அவருக்கு அங்கே பெயர் ‘கண்ணாடி சார்’.

முதல் நிலையில் அவருக்கு இது நான்காவது முறை. ஆறு மாதத்துக்கு ஒரு வகுப்பு. கூடப் படித்தவர்கள் பாஸாகி, விசா வாங்கி, விமானம் ஏறிப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பரீட்சைக்குப் பரீட்சை கோட்டை விட்டுவிட்டு, அசட்டுச் சிரிப்போடு மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவார்.

அதற்காக யாரும் அவரை மக்கு என்று நினைத்துவிடக் கூடாது. மூக்கு ஆண்பால், கண்ணாடி பெண்பால், அதனால்தான் இது அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று முதல் வாரமே சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்தவர். காறித் துப்பப் போய்க் கடைசி நொடியில் மனசு மாறின மாதிரி ஒலிக்கும் அந்த ‘ர’கரத்தை அவரளவுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மகள்தான் அவரைச் சேர்த்துவிட்டாள். பிரான்சுக்கு அவள் வேலைக்குப் போன புதிதில், “இங்க வந்தா ரொட்டிக்கடையில நீங்கதான்ப்பா பேசி வாங்கணும், நான் பக்கத்துல நின்னு சிரிப்பேன்” என்று போனில் மிரட்டினாள்.

இன்று பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு. குடும்பத்தைப் பற்றி ஆளுக்கு நாலு வாக்கியம் சொல்ல வேண்டும்.

ஆரம்பிப்பதற்கு முன்பே டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், போன தடவ உங்க பேப்பரைத் திருத்துனது நான்தான். கஷ்டமான கேள்வியெல்லாம் சரி, சுலபமானதெல்லாம் தப்பு. தெரியாதவங்க அப்படித் தப்பு பண்ண மாட்டாங்க சார். இந்தத் தடவ உங்களை மேல ஏத்தாம விடப்போறதில்ல.”

“இங்கயே ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேனே டீச்சர்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

மேல் வகுப்பில் முதல் பாடமே இறந்தகாலம். பாடத்திட்டத்தில் பார்த்து வைத்திருக்கிறார். இங்கே நிகழ்காலம் மட்டும்தான். வருகிறாள், போகிறாள், சாப்பிடுகிறாள். இதற்கு மேல் பேசு என்று யாரும் கேட்பதில்லை. இந்த வகுப்பை விட்டுக் கிளம்ப அவருக்கு மனசே இல்லை.

கல்யாணம் முடிந்து கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண் முதலில் பேசினாள். எனக்கு இருபத்திரண்டு வயது ஆகிறது என்று சொல்ல வந்தவள், ‘ஆகிறது’ என்பதற்குச் சொல் கிடைக்காமல் தடுமாறி நின்றாள்.

“பிரெஞ்சுல வயசு ஆகாதும்மா, இருக்கும்” என்றாள் டீச்சர். “எங்கிட்ட இருபத்திரண்டு வருஷம் இருக்கு. கையில ரெண்டு பேனா இருக்குன்னு சொல்றோம்ல, அதே மாதிரிதான்.”

அந்தப் பெண் திருத்திச் சொன்னாள். அடுத்து கண்ணாடி சாரின் முறை.

கல்லாவருகே ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி எழுந்து உள்ளே போனாள். லென்ஸ் தேய்க்கும் மெஷினைப் போடும் சத்தம் கேட்டது. தேய்க்க உள்ளே ஒரு லென்ஸும் இல்லை. இவர் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் எப்போதுமே அப்படித்தான்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிசிறில்லாமல் சொன்னார்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு மழை பிடிக்கும்.

“எல் ஆ வேந்த்சீஸ் ஆன்.”

அவளுக்கு வயது இருபத்தாறு.

டீச்சர் கைதட்டினாள். கைதட்டியவள் பாதியில் நிறுத்திவிட்டு, கள்ளனைப் பிடித்த சந்தோஷத்தில் விரலை ஆட்டினாள்.

“பாத்தீங்களா, மறுபடியும் வேணும்னே ஒரு தப்பு! நீங்க மொத தடவ சேர்ந்தப்பவும் பொண்ணுக்கு இருபத்தாறுதான் சொன்னீங்க. ரெண்டு வருஷம் ஆகப்போகுது சார். இன்னும் அதே இருபத்தாறா?”

வகுப்பே சிரித்தது. கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

இன்று சிரிப்பு வரவில்லை. இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பிரெஞ்சில் அதற்கு என்ன சொல் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இரண்டு முறை வாயைத் திறந்தார். அந்த இரண்டு வருஷத்தை அவள் கணக்கில் சேர்க்க நாக்கு எழவில்லை.

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். திரையில் எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

“தப்பு இல்லம்மா” என்றார். இத்தனை நாளில் டீச்சரை அவர் ‘அம்மா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “அவகிட்ட இருக்கிறது அவ்வளவுதான்.”