இந்த ஊர்ச் சூரியன்

கார் நிறுத்துமிடத்தில் அவள் காத்திருந்தாள்.

சாவி கையில் இருந்தது. ஜனவரிக் குளிர் மூடிய கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

மகள் மாதங்கி வகுப்புக்குப் போயிருக்கிறாள். அந்த வகுப்பில் அவளுக்கு இடம் இல்லை. சுவரோரமாக நிற்கப் போயிருக்கிறாள்.

முதல் நாள் யாராவது வராமல் போனால், காத்திருப்பவர்களைப் பேராசிரியர் சேர்த்துக்கொள்வாராம். மாதங்கிக்கு முன்னால் மூன்று பேர்.

அப்படியானால் நான்கு பிள்ளைகள் வராமலிருக்க வேண்டும்.

இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது? பிள்ளை பெற்றவள் கேட்கிற வரமா இது?

இரண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ். பிறகு பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் சயன்ஸ். எடுத்த எடுப்பிலேயே பல்கலைக்கழகம் என்றால் கட்டுப்படியாகாது. எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று மாதங்கி கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். இந்தக் காலேஜில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவார்கள். இந்தக் கோடைக்குள் அதை முடிக்காவிட்டால் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளாது.

நவம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்தப் பாடத்துக்குப் பதிவு திறந்தது.

லேப்டாப் முன்னால் மாதங்கி விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருடி என்று சொன்னது அவள்தான். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். இவ்வளவு பெரிய படிப்பு, ஒன்பது அடித்ததும் போடு. அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

மாதங்கிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அம்மா சொன்னாளே என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதுக்கு இடம் தீர்ந்திருந்தது.

அன்றைக்கு மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ராகுவுக்கு இந்த ஊர் விசா யாருடி குடுத்தா?" என்று கேட்டார் கணவர். அதற்குச் சிரிக்கவும் வீட்டில் ஆளில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில், சாதத்தைப் பிசைந்துகொண்டே, மாதங்கி குரலை உயர்த்தாமல் சொன்னாள். சமையலறைக் காலண்டரில் போட்டிருப்பது நம்மூர்ச் சூரியனுக்காம். இங்கே நவம்பரில் பொழுது தாமதமாக விடியுமாம். இந்த ஊர் விடியலை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏழரைக்கு ராகு காலம் தொடங்கவே இல்லையாம். ஒன்பது மணிதான் அதற்குள் விழுகிறதாம்.



இன்றும் திங்கட்கிழமை.

கட்டடத்தின் கதவு திறந்தது. மாதங்கி மட்டும் வந்தாள். வகுப்பு உள்ளே நடந்துகொண்டிருந்தது. அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

காரில் ஏறி உட்கார்ந்து, மூன்றாவது ஆளோடு இடம் தீர்ந்துவிட்டது என்றாள் மாதங்கி.

பிறகு போனை எடுத்தாள். தேடினாள். மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு காலேஜில் இதே பாடம். ஆன்லைனில். பல்கலைக்கழகம் அதையும் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஒரு இடம் காலி.

பக்கத்திலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்று என்ற எண் திரையில் பச்சையாக இருந்தது.

"போட்டுடுடி. இப்பவே போட்டுடு."

மாதங்கியின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

"இரும்மா. இந்த ஊர் சூரியனுக்கு இன்னிக்கு ஒன்பதே முக்கால் வரைக்கும் ராகு இருக்கு."

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் பார்க்காதே, போடு என்று அவள் எந்த வாயால் சொல்வது?

காரின் கடிகாரம் எட்டு ஐம்பது காட்டியது.