ஆறு மாத விதி

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு நாடு நாடாகத் திரிகிற வறுமை ஒழிப்பு ஆலோசகர், அமைச்சரின் அறைக்கு வெளியே காத்திருக்கிறார். ஜன்னல் வெயிலில் அவருடைய பெட்டியின் விமான நிலைய ஒட்டுச்சீட்டுகள் மினுங்குகின்றன. மடியில், அரசாங்கங்களுக்காக அவரே எழுதிய கணக்கெடுப்புக் கையேடு. காதில் மனைவியின் குரல், அதற்குப் பின்னால் குக்கரின் இரைச்சல். "ஏங்க, வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்திருக்கா. வருஷத்துல ஆறு மாசமாவது வீட்ல தங்கினவங்களைத்தான் எழுதுவாளாம். உங்களை விட்டுட்டா. நீங்களே கொஞ்சம் சொல்லுங்க." மூன்றாம் பக்கத்தில், அவர் மல்லுக்கட்டிச் சேர்த்த அதே விதியின் மேல் விரல் நிற்கிறது. "அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதுது," என்கிறார். குக்கர் அடங்குகிறது. "அப்போ மூணு பேர்தானேம்மா?" என்று போனுக்குள் தூரத்தில் அந்தப் பெண் கேட்கிறாள். "ஆமாம்மா," என்கிறாள் மனைவி, "மூணு பேர்தான்."