பாலத்தின் நடுவில் ஒரு கார்

பாலத்தின் நடுவில் கார் அணைந்துவிட்டது.

சாவியைத் திருப்பினேன். முதல் கியர் போட்டு கிளட்சை மெதுவாக விட்டேன். கார் ஒரு உலுக்கு உலுக்கி மறுபடி அணைந்தது.

நான்காவது தடவை.

பின்னால் ஒரே ஹார்ன். கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முகம்தான் தெரிந்தது. இடது பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் வானம்.

நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். இரண்டு முறை கோட்டை விட்டாகிவிட்டது. இதுவும் போனால் இனி வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

பக்கத்து சீட்டிலிருந்து டிரைவிங் மாஸ்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். சாதாரணமாக அவர் வாய் ஓயாது. "ஏம்மா, கிளட்சு என்ன கரப்பான்பூச்சியா, இந்த மிதி மிதிக்கிற?" என்பார். எப்போதும் போகும் கீழ்ச்சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் இன்று பாலம் வழியாக வந்தோம். பாலம் ஏறியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாஸ்டர், திட்டவாவது செய்யுங்க."

திரும்பிப் பார்த்தேன்.

கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். ஏசி ஓடியும் சட்டை நனைந்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

குனிந்து பார்த்தேன். என்னைப் போன்றவர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்ற, அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அவருடைய செருப்பு. அடிவரை அழுத்தியிருந்தது.

"பாலம் ஏறினாலே இப்படித்தாம்மா, கால எடுக்க வரமாட்டேங்குது. நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத, பொழப்பு போயிரும்."

லாரிக்காரர் இறங்கி வந்து என் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். நான் பாதி இறக்கினேன்.

"பழகுறேன்ணே. எனக்குத்தான் வரல. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"வீட்டு வாசல்ல பழக வேண்டியதை எல்லாம் பாலத்துல பழகுதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டேன். கண்ணாடியை ஏற்றினேன். இந்த ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றை, குரல் நடுங்காமல் சொல்லப் பார்த்தேன்.

"இந்தப் படபடப்பு ஆளைக் கொல்லாது மாஸ்டர், தானா இறங்கிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை நான் இப்படித்தான் செத்துப் பிழைக்கிறேன்."

மாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.