வாயை ஊது!

“வாயத் தொறந்து ஊதுடா!”

வேலையாட்களுக்கு மேஸ்திரியான மண்டோர் நாகமுத்து மச்சினனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். வீராசாமியின் கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

“ஊத மாட்டேன் மாமா. நான் குடிக்கல. உச்சி வெயில்ல குப்புறப் படுத்துக் குழாயில காத வச்சுக்கிட்டுக் கெடந்தா, கண்ணு செவக்காம வெளுக்குமா?”

“எதுத்துப் பேசாத. பிக் உன்னத் தாண்டுச்சா இல்லியா?”

“தாண்டுச்சு. கடகடன்னு என் காதுக்குள்ளயே ஓடுன மாதிரி போச்சு. அப்பவே வாக்கி டாக்கியில சொன்னேனே!”

“அப்புறம் எங்கடா அது? பறந்து போச்சா?”

தங்கா பத்து கரையிலிருந்து பாயா ரும்புட் வரை மண்ணுக்கடியில் போகிறது அந்த எண்ணெய்க் குழாய். ரப்பர் வட்டுகள் கோத்த கனமான உருளை ஒன்றை அந்த முனையில் உள்ளே விட்டால், எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு வரும். அதுவும் வழியெல்லாம் அழுக்கைச் சுரண்டிக்கொண்டு இந்த முனைக்கு வந்து சேரும். அதற்குத்தான் பிக் என்று பெயர். ஆங்காங்கே ஆட்கள் குழாயில் காது வைத்துக் காத்திருந்து, அது தாண்டியதும் சொல்ல வேண்டும். வீராசாமி கடைசி ஆள்.

பிக் வந்து சேர்ந்தால், இந்த முனையில் குழாயின் மேல் படுத்திருக்கும் இரும்புக் கொடி தானாக நிமிரும். நிமிர்ந்த பிறகுதான் வால்வை அடைத்து, அழுத்தத்தை இறக்கி, கதவைத் திறப்பார்கள். கொடி நிமிராவிட்டால் யாரும் கதவுக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

நாகமுத்து மண்டோரானபின் பார்க்கும் முதல் வேலை இது. அன்றைக்கு ஆயுத பூஜை வேறு. விடிந்ததும் முதல் ஆளாக வந்து குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். மெர்லிமாவிலிருந்து வாங்கி வந்த சாமந்தி மாலையைத் தன் கையாலேயே சாத்தி, காற்றுக்கு விழாதபடி நாரைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தேங்காயும் உடைத்தார். எண்ணெய்க் குழாயாயிற்றே என்று சூடம் மட்டும் கொளுத்தவில்லை.

இத்தனை செய்தும் என்ன பயன்? பொழுது சாயப் போகிறது. மாலைக்கடியில் கொடி படுத்தபடியே கிடந்தது.

“நாளைக்குள் பிக்கைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் குழாயை வெட்ட வேண்டியதுதான். வெட்டினால் நீ மண்டோர் இல்லை” என்று இஞ்சினியர் மலாயில் கத்திவிட்டு, மண் தோண்டும் இயந்திரத்துக்குச் சொல்லக் காரில் ஏறிப் போயிருந்தார். அந்தக் கோபம் முழுக்க இப்போது மச்சினன் தலையில் இறங்கியது.

“அவன் திருந்திட்டான், நான் பொறுப்புன்னு மொதலாளி தவுக்கே கால்ல விழாத கொறையாக் கேட்டு வாங்குன வேலடா இது! மாரியம்மன் கோயில்ல உன் அக்கா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுன வாய்தானே இது?”

“சத்தியத்த மீறல மாமா. ஒரு சொட்டு தொடல.”

“எங்கயோ சம்சு குடிச்சிட்டுத் தூங்கியிருக்க. நான் கேட்டதும் தாண்டிருச்சுன்னு அடிச்சு விட்டுட்ட. குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு!”

“மாமா, வார்த்தைய அளந்து பேசுங்க.”

பளாரென்று அறை விழுந்தது. சுற்றி நின்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முன்பெல்லாம் குடித்துவிட்டு வந்தால் வீராசாமி காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். இன்று அழவில்லை, நிமிர்ந்து நின்றான். அது நாகமுத்துவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

வீராசாமி வாக்கி டாக்கியைக் கழற்றி மண்ணில் வைத்தான்.

“குடிச்சப்பகூட நீங்க என் மேல கை வச்சதில்ல. குடிக்காதன்னைக்கு வச்சுட்டீங்க. இனி உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். தீவாளிக்குத் தம்பி எங்கன்னு அக்கா கேட்டா, நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

“போடா! சம்சுக் கடையே கதின்னு கெட!”

வீராசாமியின் மோட்டார் சைக்கிள் செம்பனை மரங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது. நாகமுத்துவுக்கு, இவனை நம்பிய தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு மோட்டார் வந்து நின்றது. தங்கா பத்து முனையில் காலையில் பிக்கை உள்ளே விட்ட பெரியதம்பி, பூஜைப் பொரிகடலைப் பையோடு இறங்கினான்.

“என்னண்ணே, வீராசாமி கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போறான்? கூப்பிட்டா நிக்கவே இல்ல.”

“அந்தக் குடிகாரன் பேச்சை எடுக்காத! அவனால என் பொழப்பே போச்சு.”

“கோவப்படாதீங்கலா அண்ணே. மொதல்ல சாமியக் கும்பிட்டுக்கிறேன்.”

பெரியதம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாய்க்கு முன்னால் நின்றான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். குங்குமம் எடுக்கக் குனிந்தவன், அப்படியே நின்று மாலையின் முடிச்சை உற்றுப் பார்த்தான்.

“அண்ணே, கொடியையும் சேத்து எதுக்குண்ணே மாலையால கட்டி வச்சிருக்கீங்க?”