ஐயா பிழைக்க வேண்டும்

"இன்னும் ரெண்டே வாய், ஐயா. எனக்காக."

இராயப்பன் கஞ்சிக் கரண்டியை நீட்டினார். ஒன்பதாம் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இராயப்பன் எழுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்று மறுபடியும் நீட்டினார்.

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் காமினிக்குப் பார்க்கவே மனசு நிறைந்தது. பெற்றவர்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனில் மட்டும் விசாரிக்கும் பிள்ளைகளைத்தான் அவள் இந்த வார்டில் அதிகம் பார்த்திருக்கிறாள்.

"தாத்தா, இது நல்லா இல்ல லா. இப்படி ஒரு மகன் யாருக்குக் கிடைப்பாரு? சாப்பிடுங்க."

பெரியவரின் கோணிய வாயிலிருந்து ஏதோ குழறலாக வந்தது. வாதம் வந்தவர்களுக்குக் கோபமும் கூடவே வரும் என்று காமினிக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் அவரை ஆம்புலன்சில் ஏற்றி ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் இராயப்பன்தான். பெரியவர் வீட்டில் தனியாக விழுந்து கிடந்தாராம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னதும், இராயப்பன் நடைபாதையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரையிலிருந்து வந்துவிடுவார். உடம்பைத் துடைத்து, சட்டை மாற்றி, பெரியவர் நெற்றியில் திருநீறும் பூசிவிடுவார். இராயப்பன் கழுத்திலோ சிலுவை தொங்கியது.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்களா, அண்ணே?" காமினி ஒருநாள் கேட்டாள்.

"ஆமா, மிஸ்ஸி. ஆனா ஐயாவுக்குத் திருநீறு இல்லாம ஆகாது. மனசு தெம்பா இருக்கணும்ல."

கல்யாணத்துக்காக மதம் மாறியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"வேலைக்குப் போகலியா?"

"வேலை எங்க இருக்கு? நிபோங் திபால் பக்கம் நெல்லு போட்டுக்கிட்டு இருந்தோம், நாப்பத்தொரு குடும்பம். ரெண்டு போகத்து நெல்லையும் வாங்கிக்கிட்டு, வியாபாரம் நொடிச்சிருச்சுன்னு நெல்லு அடுக்குற கிட்டங்கிய இழுத்துப் பூட்டிட்டாங்க. போயிக் கேட்டா, நெல்லும் இல்ல, காசும் இல்ல. என் தம்பி தாங்கல, மிஸ்ஸி. வயக்காட்டுலயே போயிட்டான்."

காமினியின் கை மாத்திரைத் தட்டிலேயே நின்றது. "பாவிங்க! சும்மாவா விட்டீங்க அவங்கள?"

இராயப்பன் பெரியவரின் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துண்டால் மெதுவாக ஒற்றி எடுத்தார்.

"இவ்வளவு கஷ்டத்துலயும் இவரப் பாக்குறீங்களே, அண்ணே."

"இவரு இருக்கணும், மிஸ்ஸி. இவரும் போயிட்டா எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

அந்த வாரக் கடைசியில் பெரியவர் கையிலிருந்த டிரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். படுக்கையெல்லாம் ரத்தம். காமினி ஓடி வந்தபோது இராயப்பன் அவருடைய இரண்டு கையையும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"எங்கள விட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தீங்களா? விட மாட்டேன். சத்தியமா விட மாட்டேன்!"

புது ஊசி போடும்போது காமினிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலாவது வாரம் பெரியவருக்குப் பேச்சு திரும்பியது. முதல் வேலையாகக் காமினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்... வேணாம்... வர வேணாம்னு சொல்லு."

"உங்களுக்குச் சிரமம் குடுக்குறோமேன்னு கவலப்படுறாரு, அண்ணே!" காமினி சிரித்தாள். இராயப்பனும் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்தபோது இராயப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உக்காந்து, கேக்குறதுக்குப் பதில் சொல்ற அளவுக்கு இருக்காரா, டாக்டர்?"

"தாராளமா. நாளைக்கே கூட்டிட்டுப் போகலாம்."

மறுநாள் காமினியே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். அங்கே ஒரு வேன் நின்றது. வெயிலில் கறுத்த முகங்களோடு பத்துப் பதினைந்து பேர் அதைச் சுற்றி நின்றார்கள்.

"பாருங்க தாத்தா, உங்களக் கூட்டிட்டுப் போக எத்தன பேரு வந்திருக்காங்க!"

பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் நகம் சதையில் பதிந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்து நாற்காலிக்கு நேர் எதிரே நின்றாள்.

"என்னையத் தெரியுதா, முதலாளி? ஐரீன். உங்க கிட்டங்கி வாசல்ல மூணு நாள் கை கட்டி நின்னுட்டு வயக்காட்டுல போயிட்டாரே, அவரு பொண்டாட்டி."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டு. எங்க நெல்லெல்லாம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. அது வரைக்கும் உங்களக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவோம்."

காமினி திகைத்துப்போய் இராயப்பனைப் பார்த்தாள். "அண்ணே... இவரு உங்க அப்பா இல்லியா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே, மிஸ்ஸி."

"அப்புறம் எதுக்கு இவர இப்படித் தாங்கிக்கிட்டு இருந்தீங்க?"

இராயப்பன் குனிந்து, பெரியவரின் முழங்காலிலிருந்து நழுவிய போர்வையை இழுத்துச் சரியாகச் செருகினார்.

"செத்துட்டா கேஸ் முடிஞ்சிரும் லா, மிஸ்ஸி."