செபஸ்தியார் பார்த்த பக்கம்

கோயில் சுவரில், விசுவாசத்துக்காக அம்பெய்யப்பட்ட புனித செபஸ்தியாரின் உடலையும் அதில் தைத்த எட்டு அம்புகளையும் தொபியாஸ் வரைந்து முடித்துவிட்டார். முகம் மட்டும் வரவில்லை. பார்த்து வரைவதற்காக ஒட்டியிருந்த பழைய இத்தாலிய ஓவியத்தின் நகலில், மரத்தோடு கட்டப்பட்ட அந்த வாலிபர் வலியே தெரியாத முகத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொபியாஸ் வரைந்தால் அந்த முகம் அழுதது, இல்லையென்றால் தூங்கியது. மூன்று முறை சுரண்டியாயிற்று. திருவிழாக் கொடியேற்றத்துக்கு நான்கே நாள்.

சாரத்திலிருந்து இறங்கும்போது உள்ளங்கையில் மரச்சிராய் ஆழமாக ஏறிவிட்டது. சோறு கொண்டுவந்திருந்த மனைவி பிரகாசி அவரை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சதையைக் கிளறினாள்.

"வலிக்கா?"

"இல்லட்டி."

"பொய் சொல்லாதீங்க, கைய இழுக்குறீங்க." நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா மொகத்தப் பாத்தா நெசமாவே வலிக்காத மாதிரிதான் இருக்கு."

அவள் மறுபடி குனிந்தாள். இவ்வளவு நேரமும் கையைப் பார்க்காமல் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாலைக்குள் முகம் முடிந்துவிட்டது. பங்குச்சாமியார் வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு தொபியாஸ். ஆனா வானத்தப் பாக்காம, பக்கத்துல கீழ பாக்குறாரே. அங்க யாரு இருக்கா?"

"அம்ப உருவ வந்தவுக, சாமி."

சாமியார் அந்தப் பக்கம் திரும்பினார். சுவரோரம் மண்டியிட்டு, தரையில் சிந்திய சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பிரகாசி தலையை நிமிர்த்தவில்லை.